கத்தரி பட்ட ஓவியம்

ஒல்லாந்த தேசத்து ஓவியர் றெம்பிராண்ட் 1642 ஆம் ஆண்டில் தீட்டிய ‘இராக் காவல்’ என்னும் பேரோவியம் உலகப் புகழ் பெற்றது. 1715 ஆம் ஆண்டில் அதனை அம்ஸ்ரடாம் நகர மண்டபத்துக்கு மாற்றியவர்கள், சுவரில் இடம் போதாமையால், நாற்புறமும் வெட்டிவிட்டனர். இடப்புறத்தில் மாத்திரம் ஏறக்குறைய 60 சதமமீற்றர் போயிற்று. அங்கு நின்ற உருவங்களும் உடன் போயின. படைத்தலைவனை ஓவியர் நடுவில் நிறுத்தவில்லை. சற்று வலப்புறமாகவே நிறுத்தியிருந்தார். அவன் நடந்து செல்வதற்கு முன்னே வெளி கிடந்தது. வெட்டியபின் அவன் நடுவில் வந்து நின்றான். படையின் நடையும் தளர்ந்தது. 2021 ஆம் ஆண்டில் ரைக்ஸ் நூதனசாலையார், பழைய சிறு பிரதியொன்றின் துணைகொண்டு, இழந்த பகுதிகளைக் கணினியால் ஆக்கி அருகே பொருத்திக் காட்டியபோது இவ்வுண்மையை யாவரும் கண்ணாரக் கண்டனர்.

இன்று ஓவியத்தில் எவரும் கத்தரி வைப்பதில்லை. ஆயினும் நூதனசாலைகளின் இணையத்தளங்களில் அச்செயல் வேறுருவில் நிகழக் காண்கிறோம். ஓவியங்களைச் சமசதுரக் கட்டங்களில் வரிசைப்படுத்தும்பொழுது, நீண்ட படத்தின் ஓரங்களைப் பொறி தானே நீக்கி விடுகின்றது. மூல ஓவியத்துக்குக் கேடில்லை, கேடு காண்போனுக்கே.

புறூசெல்சு நகரிலுள்ள, புறூகலின் பெயரால் வழங்கும் ‘இக்காரசின் வீழ்ச்சி’யை நோக்குவோம். உழவன் ஏர் நடத்துகின்றான், கப்பல் செல்கின்றது, வலப்புறக் கீழ்மூலையில், வீழ்ந்தவனுடைய கால்கள் மாத்திரம் நீர்மேற் சிறிதாய்த் தெரிகின்றன. அம்மூலையை நீக்கினால் எஞ்சுவது ஓர் அழகிய வயற்காட்சி. ஒருவன் மாள, உலகம் தன் தொழிலிலேயே ஆழ்ந்திருக்கும் அப்பெருங்கருத்து மறைந்தொழியும்.

வெட்டுதல் முற்றும் தவறென்பது எமது கருத்தன்று. முகப்புப் பக்கத்துக்கும் கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரைக்கும் ஒரு பகுதியைத் தெரிந்தெடுக்க நேரிடலாம். அங்ஙனம் தெரிபவர் ஓவியத்தை அறிந்தவராயிருத்தல் வேண்டும். நீங்கலாகாத இடம் எதுவென அவரே முன்கூட்டிப் பொறிக்குக் குறித்து வைத்தல் வேண்டும். படத்தின்கீழ் ‘பகுதி’ என எழுதுவதும், அதனைத் தொட்டதும் முழுப்படம் தோன்றச் செய்வதும் கடன். ஓவியத்துக்கென அமைந்த தனிப்பக்கத்திலோ, சுற்றிலும் வெற்றிடம் கிடப்பினும், விளிம்பு வரை முழுமையாகவே காட்டுதல் வேண்டும்.

எம்மிற் பலர் அம்ஸ்ரடாமையோ புறூசெல்சையோ நேரிற் காணப்போவதில்லை. திரையிற் காண்பதே எமக்கு ஓவியம். அதில் வெட்டுண்டது எதுவென அறியும் வழியும் எமக்கில்லை. ஆதலின், வெட்டுவோர் சொல்லிவிட்டு வெட்டுவாராக.