சிறைக்குள் கஞ்சா வழக்கு: ஒப்புக்கொள்ளும் முன் யோசிக்க வேண்டும்

சிறையிலிருக்கும் பிள்ளையை மனு போட்டுப் பார்த்துவரும் தாய்மார்கள் நம்மிடம் சொல்வதுண்டு: "உள்ளேயே கஞ்சா கேஸ் போட்டுட்டாவ. சின்ன கேஸ்தானாம். ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்னு சொல்லுதாவ."

முடியாது. அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கிலோ வரையிலான கஞ்சா சட்டப்படி 'சிறு அளவு'. அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஏற்கெனவே தண்டனை அனுபவிப்பவருக்கு, இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று நீதிமன்றம் உத்தரவிடாவிட்டால், பழைய தண்டனை முடிந்த பிறகே புதியது தொடங்கும். ஆயுள் சிறைவாசிக்கு இவ்விதி பொருந்தாது. ஆனால் முன்விடுதலைப் பரிசீலனையில் இந்த வழக்கு குறுக்கே நிற்கக்கூடும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், 'நான் குற்றவாளி அல்ல' என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் மட்டுமே கேள்வி கேட்கலாம்.

மறுத்து வழக்காடினால் கேட்க நிறைய இருக்கிறது. பலர் படுக்கும் கொட்டடியில் ஒரு பொட்டலம் கிடைத்தால் அது யாருடையது? அது அவர் அறிந்து வைத்திருந்தது என்பதற்கு அரசுத் தரப்பு முதலில் அடிப்படை காட்ட வேண்டும். வாக்குமூலம் மட்டுமே ஆதாரமா? தமிழகத்திலிருந்து போன தூபான் சிங் வழக்கில், போதைப்பொருள் சட்டத்தின்கீழ் விசாரிக்கும் அதிகாரியிடம் தந்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எந்தக் கொட்டடியில், யாரோடு படுப்பது என்பதைச் சிறைவாசி தீர்மானிப்பதில்லை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் எனத் தனித்தனியே அடைத்ததை, மோதலைத் தவிர்க்கும் ஏற்பாடு என்று உயர் நீதிமன்றம் ஒருமுறை ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை நிராகரித்தது. சாதி பார்த்து அடைப்பதும் வேலை தருவதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது. சாதியால் இடம் ஒதுக்கப்பட்டவரை, அந்த இடத்தில் கிடைத்த பொருளுக்கும் பொறுப்பாக்குவது என்ன நீதி?

தண்டனை வந்துவிட்டால் நாள் எண்ண வேண்டும். நடுவர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக அமர்வு நீதிமன்றத்தில் 30 நாள். சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 60 நாள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் கடமை. காவலில் இருப்போருக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தர வேண்டும். இது 1987 சட்டம் தந்த உரிமை.

அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தீர்ப்பு எந்தத் தேதி? எந்த நீதிமன்றம்? நகல் கைக்கு வந்ததா? பதிலைத் தாளில் குறித்து ஆணைக்குழுவில் கொடுங்கள். வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: வக்கீலைப் பார்க்காமல் ஒத்துக்காத, ய்யா.