விரல் உயரப் படைகள் – 6: கைநீளத் தொலைவுக்கான வெளிச்சம்

சென்ற வாரம் அடிப்பூச்சோடு நிறுத்தியிருந்தோம். அதன்மேல் நிறங்களும் ஏறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மேசைப் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. உயரப் படைவீரன் பொம்மை, சிவப்பு மேலங்கி, பழுப்பு வார், சாம்பல் கால்சட்டை. ஒரு நிறமும் பக்கத்து நிறத்தில் வழியவில்லை. ஆனாலும் மேசையில் நிறுத்திப் பார்த்தால் ஏதோ சப்பென்று இருக்கிறது. அடுத்து, துணி மடிப்பின் மேட்டிலும் விளிம்பிலும் அதே நிறத்தின் வெளிர்சாயலை ஏற்றுவார்கள். அதுதான் ஹைலைட். புதிதாக வருபவர் இங்கே கேட்கும் கேள்வி நியாயமானது. ஓவியனுக்குக் கிடைப்பது தட்டையான துணி, அவன் வெளிச்சத்தை வரைந்துதான் ஆகவேண்டும். இங்கோ மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் வார்த்தே கொடுத்திருக்கிறார்களே, அறை விளக்கு விழாமலா போகும்? விழுகிற வெளிச்சத்தின் மேல் இன்னொரு வெளிச்சத்தைத் தீட்டுவது மிகையில்லையா?

வரலாற்றில் இந்தக் கேள்விக்கு இரு துருவங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஹைன்ரிக்சன் போன்றோர் வார்த்த 30 மி.மீ. தகர வீரர்கள் ஏறக்குறைய தகடு போல மெல்லியவர்கள். அவர்களுக்கு நிழலையும் ஒளியையும் தூரிகைதான் கொடுத்தாக வேண்டும். மறுபக்கம், லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் வார்த்த உள்ளீடற்ற ஈய வீரர்கள் 54 மி.மீ. உயரத்தில் முழு உருண்டையாக இருந்தார்கள். பளபளக்கும் தட்டை நிறமே போதுமென்று விட்டுவிட்டார்கள். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற பொம்மைப்போர் நூலை வெளியிட்டபோது தரையில் அணிவகுத்தவர்கள் இத்தகையவர்கள்தான். இன்றைய 28 மி.மீ. உருவம் பிரிட்டன்ஸ் வீரனைப் போல முப்பரிமாணம் கொண்டது. தீட்டப்படுவதோ நியூரம்பர்க் தகட்டைப் போல. காரணம் மரபு மட்டுமல்ல என்பதே என் வாதம்.

ஒளி, பொருளின் அளவைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஒரே திசையிலிருந்து வெயில் விழுந்தால் ஆறடி மனிதனின் சட்டை மடிப்பிலும் பொம்மையின் மடிப்பிலும் நிழல் ஒரே விகிதத்தில்தான் விழும். ஆனால் விளையாட்டு நடப்பது வெயிலில் அல்ல. அறையில் விளக்கொளி சுவரிலும் கூரையிலும் மேசையிலும் பட்டுத் திரும்பிப் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. அதைவிடப் பெரிய காரணம் நம் கண். 28 மி.மீ. உருவம் நிஜ மனிதனில் சுமார் அறுபதில் ஒரு பங்கு. அதை 60 செ.மீ. தள்ளி, அதாவது கைநீளத்தில், பார்ப்பது ஒரு மனிதனை 36 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். கைநீளத் தொலைவில் அரை மில்லிமீட்டர் மடிப்பு கண்ணுக்குத் தெரியும், ஆனால் தயங்கித் தெரியும். கேம்பிரிட்ஜின் கேம்பெல்லும் ராப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. கோடுகள் ஓரளவு அகலமாக இருந்தால் வெளிச்சத்தில் நூலளவு வேறுபாட்டையும் கண் பிடித்துவிடும். கோடுகள் நெருங்க நெருங்க, அதே கண்ணுக்குப் பல மடங்கு கூடுதல் வேறுபாடு தேவைப்படும். மடிப்பு சிறியது என்பதால் வேறுபாட்டைக் கூட்டிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. கடைசி வரிசைக்காரனுக்கும் முகம் தெரிய நாடக நடிகர் புருவத்தைத் தடிப்பாக எழுதிக்கொள்வதும் இதே கணக்கில்தான்.

அப்படியானால் வாஷ் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். நீர்த்த கருவண்ணத்தை மேலே ஓடவிட்டால் பள்ளத்தில் தேங்கி வேறுபாட்டைத் தானே உண்டாக்கிவிடுகிறதே. 2019இல் சிட்டாடெல் கொண்டுவந்த ‘கான்ட்ராஸ்ட்’ வண்ணங்கள் நிறம், நிழல் இரண்டையும் ஒரே பூச்சில் தருகின்றன. ஐம்பது வீரர்களை அவசரமாக முடிக்கவேண்டியவருக்கு அது வரப்பிரசாதம்; அதை மட்டமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வாஷுக்கு ஆழம் மட்டுமே தெரியும், திசை தெரியாது. தோளின் மேல்மடிப்பையும் அக்குளின் கீழ்மடிப்பையும் அது ஒரே அளவில் கருக்கும். பள்ளமே இல்லாத தலைக்கவசத்தின் உச்சியில் கறை படியவிடுவதைத் தவிர அதற்கு வேலையில்லை. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்ற முடிவைத் தூரிகை பிடித்தவர்தான் எடுக்கவேண்டும். மேசையில் உருவம் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும், விளக்கும் மேலேதான் இருக்கும். ஆகவே தீட்டிய வெளிச்சமும் விழும் வெளிச்சமும் சண்டை போடுவதில்லை.

வெள்ளையைக் கலந்தால் ஹைலைட் ஆகிவிடும் என்று நினைப்பது தனிக் கோளாறு. சிவப்பில் வெள்ளை சேர்ந்தால் இளஞ்சிவப்புதான் வரும். ஆரஞ்சைச் சேர்த்தால் சிவப்பு சிவப்பாகவே வெளிச்சம் பெறும். பச்சைக்கு மஞ்சளும் அப்படியே. எத்தனை படி ஏற்றுவது? இங்கிலாந்தின் ஃபவுண்ட்ரி நிறுவனம் வண்ணங்களை நிழல், நடு, ஒளி என மூன்று மூன்றாகவே விற்றது. கெவின் டாலிமோர் அந்த முறையில் தீட்டிய வீரர்களைக் கிட்டே பார்த்தால் பட்டைகள் தனித்தனியாகத் தெரியும். கைநீளத்துக்கு விலக்கினால் ஒன்றாகக் கரையும். முரடு என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் பார்க்கும் தொலைவு வேறு. தீட்டும்போது உருவம் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி, பளீரென்ற விளக்கின் கீழ் இருக்கிறது. அங்கே அளவாகத் தெரியும் ஹைலைட் மேசைக்குப் போனதும் காணாமல் போகும். மேசைக்கு அளவானது அங்கே அசிங்கமாகத் தெரியும். பழகாதவர்கள் பாதியிலேயே கையை எடுத்துவிடுவது இதனால்தான். ‘கோல்டன் டீமன்’ போன்ற போட்டிகளில் நடுவர் கிட்டே வைத்துப் பார்ப்பார். அங்கே தடமில்லாத மென்கலப்பு வேண்டும். இரண்டும் சரி, தொலைவுதான் வேறு.

இந்த வாதம் செல்லாத இடம் ஒன்று இருக்கிறது: உலோகம். துணியின் வெளிச்சம், பார்ப்பவர் நகர்ந்தாலும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். வாளின் மினுக்கம் அப்படியில்லை, பார்ப்பவரோடு கூடவே நகரும். உலோகத் துகள் இல்லாத சாம்பலும் வெள்ளையும் கொண்டு வாளைப் பளபளக்கச் செய்யும் பாணி, புகைப்படத்தில் அபாரமாக இருக்கிறது. மேசையைச் சுற்றி நடந்தால் இரண்டே அடியில் அந்த வாள் வெள்ளைக் கோடிட்ட சாம்பல் குச்சியாகிவிடும். விளையாடப்போகும் படைக்கு வெள்ளித்துகள் கலந்த சாதாரண வண்ணமே மேல்.