பவர்னா என்ன? ஒரு சீன மாணவரைக் கேட்டுப் பாருங்க

ஒரு பரீட்சைக் கேள்வி இப்படி இருக்குன்னு வச்சுக்குங்க: "எக்ஸ்பிரஸ் த பவர் ஆஸ் எ பவர் ஆஃப் டென்." வரும் திறனைப் பத்தின் அடுக்காக எழுது, அவ்வளவுதான். நமக்கு இதில் பெரிய குழப்பம் வராது. சின்ன வயசிலிருந்தே வீட்டில் பவர் கட், அப்பா கண்ணாடிக்குப் பவர், ஆளுங்கட்சிக்காரருக்குப் பவர், கணக்கு வாத்தியார் போர்டில் எழுதும் பவர்னு கேட்டுக் கேட்டு, எந்தப் பவர் எங்கே வரும்னு காதே பிரிச்சுக்கும்.

இதே கேள்வியைச் சீன மொழியில் பன்னிரண்டாவது வரை படிச்சுட்டு, ஆங்கில வழியில் இன்ஜினியரிங் படிக்க வெளிநாட்டுக்குப் போன ஒரு மாணவரின் கண்ணால் பாருங்க. முதல் பவருக்கு அவர் மனசில் இருக்கும் சொல் 'குங்லியூ'. இரண்டாவது பவருக்கு 'மி'. எழுத்து வேற, ஒலி வேற, பிறந்த இடமும் வேற. ஒரே வரியில் ஒரே சொல் இரண்டு தடவை வருது, ஆனா அவர் அதை இரண்டு வேறு சொல்லாகத்தான் படிக்கணும். எது எதுன்னு வாக்கியம் அவருக்குச் சொல்லாது. அவரேதான் கண்டுபிடிக்கணும்.

(ஒரு சின்ன எச்சரிக்கை. இங்கே சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்ட எழுதியிருக்கு. சீன மொழியில் குரல் ஏறி இறங்கும் விதம் மாறினாலே அர்த்தம் மாறிடும், அதை நம்ம எழுத்தில் காட்ட வழியில்லை. 'மி'யை இறக்கிச் சொன்னா கணக்கில் வரும் அடுக்கு. இறக்கி ஏத்திச் சொன்னா அரிசி. அதே அரிசிச் சொல்தான் அங்கே மீட்டருக்கும். அதனால இதை வச்சு யார்கிட்டயும் சீன மொழி பேசிக் காட்டாதீங்க.)

ஆங்கிலத்தில் எப்படி ஒரே சொல் இத்தனை வேலை பார்க்குது? பவர் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அடிப்படை அர்த்தம் 'முடிவது', 'இயலுவது'. ஒரு ராஜாவால் முடியும், ஒரு குதிரையால் முடியும், ஒரு நாட்டால் முடியும், ஒரு மிஷினால் முடியும். எல்லாம் பவர். சொல் ஒரே இடத்தில் நின்னுது, உலகம் அதைச் சுத்தி வளர்ந்துச்சு. சீன மொழியோ புது விஷயம் வரும்போதெல்லாம் எழுத்துகளைக் கோர்த்து அதுக்குன்னு ஒரு தனிச் சொல் செஞ்சுக்கிச்சு.

இதில் இன்ஜினியரிங் ஆட்களுக்கு ரொம்பச் சுவையான பகுதி இயற்பியல். சீன மொழியில் விசைக்கு 'லி'. வேலைக்கு 'குங்'. குங்ஃபூவில் வருதே, அதே குங்தான். உழைப்பு, உழைச்சு அடைஞ்ச தேர்ச்சி என்ற பொருள் அதுக்கு உண்டு. அந்தக் குங்கோடு 'லியூ' சேர்ந்தா குங்லியூ. லியூன்னா வீதம். அதிர்வெண்ணை அவங்க 'பின்லியூ'ங்கிறாங்க, நிகழ்தகவை 'கைலியூ', பயனுறுதிறனை 'ஷியாவ்லியூ'. ஆக, குங்லியூன்னா 'வேலை வீதம்'. திறன் என்றால் வேலை வகுத்தல் காலம்னு நாம மனப்பாடம் பண்ணினதை, அந்தச் சொல்லே தன் தலையில் எழுதி வச்சிருக்கு. ஆங்கிலத்தில் பவர்னு மட்டும் கேட்டா அது வீதமா, அளவா, வெறும் பலமான்னு தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் சீன மாணவருக்கு நம்மைவிடவும், இங்கிலாந்துப் பையனைவிடவும் வசதி அதிகம்.

வழுக்கும் இடம் வேற. விசைக்கான அந்த 'லி' இருக்கே, அது பவர் சம்பந்தப்பட்ட பல சொற்களில் தொத்திக்கிட்டு வரும். மின்சாரத் துறை 'தியென்லி'. வண்டியை நகர்த்தும் உந்துசக்தி 'துங்லி'. ஆட்சி அதிகாரம் 'ச்சுயென்லி'. பொதுவான பலம் 'லிலியாங்'. குதிரைத்திறன் 'மாலி', அதாவது குதிரை விசை! அளவு என்னவோ திறன், பேர் விசை. ஒரு மாலி சுமார் 735 வாட், ஆங்கிலேயர் கணக்கில் ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட். இரண்டும் வாட்தான், நியூட்டன் கிடையாது.

அதனால, 'லி' என்று பழகிய வாய் ஆங்கிலத்துக்கு மாறும்போது பவர் வர வேண்டிய இடத்தில் ஃபோர்ஸ் வந்து உட்கார வாய்ப்பு இருக்கு. பேச்சில் பரவாயில்லை. லேப் ரிப்போர்ட்டில் பரவாயில்லைன்னு விட முடியாது. ஒரு கிரேன் 1000 கிலோவை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்குதுன்னு எடுத்துக்குங்க. சீரான வேகத்தில் தூக்கினா, விசை சுமார் 9800 நியூட்டன். பத்து விநாடியில் தூக்கினாலும் அதே, நூறு விநாடியில் தூக்கினாலும் அதே. ஆனா திறன் முதலாவதில் 9.8 கிலோவாட், இரண்டாவதில் 0.98 கிலோவாட். லி மாறவே இல்லை, குங்லியூ பத்தில் ஒரு பங்கு ஆயிடுச்சு. மோட்டார் வாங்கப் போறவர் இரண்டு சொல்லையும் மாத்திச் சொன்னா என்ன வந்து இறங்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

கணக்குப் பக்கம் வந்தா 'மி'. அந்த எழுத்தின் பழைய அர்த்தம் பாத்திரத்தை மூடும் துணி. மூடும் துணிக்கும் அடுக்குக்கும் என்ன சம்பந்தம்? துணி ஒரு பரப்பை மூடும். லியூ ஹுய் என்ற சீனக் கணித அறிஞர் கி.பி. 263இல் எழுதிய உரையில் இந்தச் சொல்லைப் பரப்பளவுக்குப் பயன்படுத்தியிருக்கார். பரப்பளவுன்னா வர்க்கம், வர்க்கத்திலிருந்து மத்த அடுக்குகள். கிரேக்கத்தில் யூக்ளிட் வர்க்கத்துக்குப் பயன்படுத்தினது 'டூனமிஸ்' என்ற சொல், அதன் நேர்ப்பொருள் ஆற்றல், இயலுமை. அந்த வழியில்தான் ஆங்கிலத்தில் அடுக்குக்குப் பவர்னு பேர் வந்துச்சு. ஒரே வர்க்கத்தைக் கிரேக்கர் பலமாகப் பார்த்தாங்க, சீனர் துணியாகப் பார்த்தாங்க. அடுக்குத் தொடர், அடுக்குக் கணம் எல்லாத்துக்கும் அங்கே இந்தத் துணிதான் முன்னால் வரும்.

கரண்ட் விஷயத்தில் சிக்கல் தலைகீழ். அங்கே சீன மொழிக்கு ஒரே சொல்: 'தியென்'. மின்சாரமும் அதுதான், பேட்டரியில் இருக்கும் சார்ஜும் அதுதான். போன் அணைஞ்சு போனா 'மெய் தியென்', கரண்ட் இல்லை, அவ்வளவுதான். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு 'மை போன் ஹாஸ் நோ எலக்ட்ரிசிட்டி'ன்னு சொல்றது சீன மாணவர்கள் ஆங்கிலத்தில் ரொம்பப் பிரபலமான ஒரு வாக்கியம். புரியாமல் போகாது, ஆனா கேக்குறவர் சிரிப்பார். நாம கையில் வச்சிருக்கும் பவர் பேங்குக்குச் சீனாவில் பேர் 'ச்சுங்தியென்பாவ்', அதாவது சார்ஜ் ஏத்தும் பொக்கிஷம். தைவானில் அதே பொருளை நடமாடும் மின்மூலம்னு அர்த்தம் வரும்படி வேற பேரில் கூப்பிடுறாங்க. எப்படிப் பார்த்தாலும் இரண்டு பேரிலும் பவரும் இல்லை, பேங்கும் இல்லை. ஆங்கிலப் பேர் தெரியாத ஒருத்தருக்கு 'பவர் பேங்க்'னு எழுதிக் கொடுத்தா, அதிகார வங்கின்னு நினைச்சாலும் தப்பு சொல்ல முடியாது.

அதிகாரம்னு சொன்னதும் இன்னொரு முடிச்சு. அதிகாரத்துக்கு 'ச்சுயென்லி'ன்னு சொன்னோம். உரிமைக்கும் 'ச்சுயென்லி'தான்! ஒலி ஒண்ணு, குரல் ஏற்ற இறக்கம்கூட ஒண்ணு. எழுத்தில் மட்டும் கடைசி எழுத்து மாறும். அதிகாரத்தில் வரும் 'லி' பலம், உரிமையில் வரும் 'லி' ஆதாயம். 1864இல் வில்லியம் மார்ட்டின் என்ற அமெரிக்க மிஷனரி, ஹென்றி வீட்டன் எழுதிய சர்வதேசச் சட்ட நூலைச் சீனத்தில் கொண்டு வந்தார். அதில் 'ரைட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவர் எடுத்துக்கிட்ட சொல் இந்த இரண்டாவது ச்சுயென்லி. பழைய சீன நூல்களில் அதுக்கு 'அதிகாரமும் ஆதாயமும்'னுதான் அர்த்தம், கொஞ்சம் கெட்ட வாடைகூட அடிக்கும். அந்தச் சொல்தான் இன்னைக்கு உரிமை.

இது வெறும் எழுத்துப் பிழை சமாச்சாரம் இல்லை. சீன அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அதிகாரம் முழுவதும் மக்களுடையதுன்னு சொல்லும்போது வருவது முதல் ச்சுயென்லி. குடிமக்களின் அடிப்படை உரிமைகள்னு தனி அத்தியாயம் இருக்கு, அங்கே வருவது இரண்டாவது. காதால் கேட்டா இரண்டும் ஒண்ணு. ஒலியை டைப் பண்ணி எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிக்கும். இப்படிப் பழகினவர் ஆங்கில ஒப்பந்தம் ஒண்ணைக் கையில் எடுக்கிறார். ஒரு கட்சிக்கு 'பவர்' இருக்கு, இன்னொரு கட்சிக்கு 'ரைட்' இருக்குன்னு அதில் வருது. சட்டத்தில் இரண்டும் வேற. பவர் இருந்தா ஒருத்தர் செய்யும் காரியம் மத்தவரைக் கட்டுப்படுத்தும். ரைட் இருந்தா ஒருத்தர் தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். நம்ம ஊர் ரிஜிஸ்தர் ஆபீசில் 'இடத்தை விக்க மச்சானுக்குப் பவர் கொடுத்திருக்கார்'னு சொல்றாங்களே, அங்கே பவர்னா இடம் மச்சானுக்குச் சொந்தம்னு அர்த்தமா? இல்லையே. அந்தப் பவர் பத்திரத்துக்குச் சீனத்தில் 'ஷோவ்ச்சுயென்ஷூ', அதிகாரம் வழங்கும் கடிதம். நல்லா தெளிவான பேர்.

இதுவரை பார்த்ததெல்லாம் அகராதியைப் புரட்டினா கிடைச்சிடும். என்னைக் கேட்டா உண்மையான கண்ணிவெடி இனிமேதான் இருக்கு, அது அகராதியில் தெளிவாகத் தெரியாது. இந்த இரண்டு வாக்கியத்தைப் பாருங்க.

"ஜப்பான் யூசஸ் நியூக்ளியர் பவர்."

"ஜப்பான் இஸ் நாட் எ நியூக்ளியர் பவர்."

இரண்டும் உண்மை. முதலாவது, ஜப்பான் அணுமின்சாரம் பயன்படுத்துது. இரண்டாவது, ஜப்பான் அணு ஆயுதம் வச்சிருக்கும் நாடு இல்லை. மின்சாரத்துக்கும் குண்டுக்கும் நடுவில் நிக்கிறது ஒரே ஒரு 'எ'. ஆங்கிலத்தில் பவர் தனியா நின்னா மின்சாரம், அதிகாரம், பலம் மாதிரி எண்ண முடியாத ஒண்ணு. முன்னால் 'எ' வந்தா எண்ணக்கூடிய ஒண்ணு, ஒரு நாடு, ஓர் அடுக்கு. பன்மையில் 'பவர்ஸ்' வந்தா சட்டம் கொடுத்த அதிகாரங்கள், இல்லேன்னா வல்லரசுகள், இல்லேன்னா சினிமா ஹீரோவின் மாய சக்திகள். அர்த்தம் சொல்லுக்குள்ளே இல்லை, சொல்லின் ஓரத்தில் இருக்கு.

சீன மொழியில் 'எ', 'த' கிடையாது. பொருட்பெயருக்குப் பன்மை விகுதியும் கிடையாது. ஒரு புத்தகமும் நூறு புத்தகமும் அதே சொல்தான். அதனால பிறந்ததிலிருந்து அந்த ஓரத்தைப் பார்த்துப் பழகாத கண் அது. ஆங்கிலம் எழுதும்போது சீன மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுறதும் அந்த 'எ'தான், வாத்தியார்கள் சிவப்பு மையில் சுழிக்கிறதும் அதைத்தான். ஆனா மார்க் குறையறது மட்டும் இல்லை விஷயம். மேலே இருக்கும் இரண்டாவது வாக்கியத்தில் 'எ'யை எடுத்துட்டா, வாக்கியம் தள்ளாடும், படிக்கிறவர் ஏதோ அணு உலையைப் பத்தி பேச்சுன்னு போயிடுவார். சீனத்தில் இந்தக் குழப்பமே வராது. அணுமின்சாரம் 'ஹதியென்', அணு வல்லரசு 'ஹதாகுவோ'. நமக்கும் 'எ', 'த' கிடையாது, ஆனா அணுமின்சாரம், அணு ஆயுத நாடுன்னு இரண்டு பேர் இருக்கு, தப்பிச்சோம்.

அப்போ அவங்க என்ன பண்ணலாம்? பவருக்குப் பத்து அர்த்தம்னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்றது வீண் வேலைன்னு நினைக்கிறேன். பட்டியல் பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும்தான் நிக்கும். சொல்லைத் தனியா எடுக்காம, அது யாரோட கைகோர்த்து வருதுன்னு பார்க்கிறதுதான் வேலைக்கு ஆகும். 'டு த பவர் ஆஃப்'னு வந்தா அது துணி, வேற எதுவும் இல்லை. 'இன் பவர்'னு வந்தா ஆட்சியில் இருக்கிற கட்சி. 'கம்ஸ் டு பவர்', 'சீஸஸ் பவர்' இரண்டும் அரசியல். பின்னாடி வாட் இருந்தா குங்லியூ. 'பவர் ஆஃப் எ டெஸ்ட்'னு புள்ளியியல் புத்தகத்தில் வந்தா, அது பரிசோதனை எவ்வளவு நம்பகமா உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் என்ற நிகழ்தகவு. அதுக்குச் சீனத்தில் 'குங்ஷியாவ்', மருந்து எவ்வளவு வேலை செய்யுதுன்னு சொல்லும் அதே சொல்.

கடைசியா கண்ணாடி. நம்ம ஊரில் 'பவர் எவ்வளவு?'ன்னு கேட்டா 'மைனஸ் மூணு'ம்போம். சீனாவில் அதுக்கும் பவர் இல்லை, 'து' என்ற சொல், டிகிரி. கணக்கும் நூறால் பெருகும், மைனஸ் மூணு அங்கே முந்நூறு து. வெப்பநிலைக்கும் அதே து. வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு கிலோவாட் மணிக்கும் பேச்சு வழக்கில் அதே து, நாம யூனிட்ங்கிறோமே அது. ஆக, லண்டனில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய் "என் கண் முந்நூறு டிகிரி"ன்னு ஒரு சீன மாணவர் சொன்னா, கடைக்காரர் முழிப்பார். அவர் தப்பா எதுவும் சொல்லலை. நூறால் வகுத்து, முன்னால் ஒரு மைனஸ் போட்டா, சரியான லென்ஸ் கிடைச்சிடும்.