பல்லுக்கு ஒரிஜினல் ஸ்பேரா, வேற ஸ்பேரா?

1948-இல் வந்த பல் மருத்துவர் சட்டம் எங்கள் வர்க்கத்துக்குச் சூட்டிய பெயர் 'டென்டல் மெக்கானிக்'. பல் செட், கேப் எல்லாம் செய்து கொடுக்கும் லேப் ஆசாமிகளைச் சொல்கிறேன். 'டெக்னீஷியன்' என்று நாங்களே பிரமோஷன் கொடுத்துக்கொண்டாலும் பார்ப்பது என்னவோ மெக்கானிக் வேலைதான். அதுவும் 'இம்ப்ளான்ட்' பல் வந்த பிறகு, டூ வீலர் பட்டறைக் கேள்வி அப்படியே எங்கள் மேஜைக்கும் வந்துவிட்டது: "ஒரிஜினல் போடவா, வேற போடவா?"

பட்டறையிலாவது வண்டிக்காரரைக் கேட்பார்கள். இங்கே டாக்டரும் லேப்பும் போனில் பேசி முடிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வாயின் சொந்தக்காரருக்குத் தகவலே போகாது!

இம்ப்ளான்ட் பிறந்த கதை சுவாரஸ்யமானது. ஸ்வீடன் டாக்டர் பிரோனமார்க், 1952-இல் ஆராய்ச்சிக்காக முயல் எலும்பில் ஒரு டைட்டானியம் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால்... ஊஹூம்! எலும்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 1965-இல் ஒரு மனிதரின் தாடையில் பொருத்தினார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை சுமார் 40 வருஷம் அதே இம்ப்ளான்ட்தான்.

இதில் நாலு பாகம். எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகு ஃபிக்சர். அதன்மேல் உட்காரும் கட்டை அபட்மென்ட். இரண்டையும் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூ. மேலே, சிரித்தால் தெரியும் கேப். ஃபிக்சர் ஒரு கம்பெனி, அபட்மென்ட்டும் ஸ்க்ரூவும் வேறு கம்பெனி என்றால் லேப் பாஷையில் அது 'கம்பாட்டிபிள்'. போலி சரக்கு என்று அர்த்தமில்லை. தன் பெயரைப் போட்டு, கணிசமாக மலிவாக விற்பார்கள்.

நான் குடியிருக்கும் அடி அண்ணாமலையில் பக்கத்து வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸ் கிளார்க். அவர் மடக்கினார்: "ஏம்பா, ரெண்டும் டைட்டானியம்தானே? அப்புறம் எதுக்குக் காசு ஜாஸ்தி?"

நியாயமான கேள்வி! விஷயம் உலோகத்தில் இல்லை சார், பொருத்தத்தில் இருக்கிறது. நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். ஃபிக்சரும் அபட்மென்ட்டும் சேரும் இடத்தில் அதில் சின்னப் பங்கு இடைவெளிகூட ஜாஸ்தி. பாக்டீரியாவுக்கு ஓரிரு மைக்ரான் சந்து போதும், குடித்தனம் வந்துவிடும். ஒரிஜினல் கம்பெனியிடம் அளவுப் படம் இருக்கிறது. மற்றவர்கள் பெரும்பாலும் சில ஃபிக்சர்களை வாங்கி அளந்து செய்கிறார்கள். திறமைசாலி நெருங்கிவிடுவார். மற்றவர் கோட்டை விடுவார்.

அடுத்தது இறுக்கம். ஸ்க்ரூவை டாக்டர் பல சிஸ்டங்களில் 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்று டார்க் ரென்ச்சில் அளந்து முடுக்குவார். அப்போது ஸ்க்ரூ துளி நீண்டு, ஸ்பிரிங் மாதிரி இழுத்துப் பிடிக்கும். பொருத்தம் சரியில்லை என்றால் பிடி தளரும். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போனாலே நமக்கு முட்டி கழன்றுகொள்கிறது. ஸ்க்ரூவுக்கோ தினமும் முறுக்கு, கடலை என்று கிரிவலம்தான்!

கழன்றால் திரும்ப முடுக்கலாம். உள்ளேயே உடைந்தால் டாக்டருக்கு வியர்க்கும். ஃபிக்சரின் உட்புறம் தேய்ந்தால் தலைவலி. கேப்பை மாற்றலாம், அபட்மென்ட்டை மாற்றலாம். எலும்போடு கல்யாணம் ஆகிவிட்ட ஃபிக்சருக்கு விவாகரத்து சுலபமில்லை. சில சமயம் எலும்பைக் கொஞ்சம் சேர்த்தே எடுக்க வேண்டி வரும். இன்னொன்று, வேறு கம்பெனி பாகம் சேர்ந்தால் தங்கள் உத்தரவாதம் செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன.

அப்படியானால் கம்பாட்டிபிள் கூடவே கூடாதா? அவசரப்படாதீர்கள். எங்கள் ஊருக்கு உலகமெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள், வாயில் அவரவர் நாட்டு இம்ப்ளான்ட்டோடு. ஸ்க்ரூ லூசானால் டாக்டர் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு, 'இது எந்தக் கம்பெனி?' என்று துப்பறிய வேண்டியதுதான். அந்த மாடலே நின்றுபோயிருந்தால், கம்பாட்டிபிள்தான் ஆபத்பாந்தவன்.

என் கணக்கு இது. ஃபிக்சரைத் தொடும் அபட்மென்ட்டும் ஸ்க்ரூவும் ஒரிஜினலாக இருந்தால் நிம்மதி. முடியாவிட்டால், இந்த ஃபிக்சர் மாடலுக்கென்றே செய்தது என எழுதிக் கொடுத்து, தானும் உத்தரவாதம் தரும் கம்பெனியின் பாகம். ஒன்றில் ஒரு கம்பெனி ஸ்க்ரூ, இன்னொன்றில் வேறு கம்பெனி அபட்மென்ட் என்ற கதம்பம் மட்டும் வேண்டாம். ஃபிக்சரைத் தொடாத கேப்புக்குப் பிராண்டைவிட நல்ல லேப்தான் முக்கியம். மிச்சம் பிடிப்பதானால் அங்கே பிடியுங்கள்.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: ஃபிக்சர் எந்தக் கம்பெனி, என்ன மாடல், என்ன அளவு? அபட்மென்ட், ஸ்க்ரூ யாருடையது? உத்தரவாதம் யார் தருவது? மத்திய அரசின் 2017 மருத்துவ உபகரண விதிகள் 2018 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன. அதன்படி லேபிளில் தயாரிப்பாளர் பெயர், லாட் நம்பர், லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரை வாங்கி பத்திரப்படுத்துங்கள்.

அதுதான் உங்கள் பல்லின் ஜாதகம். கல்யாண ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இங்கே ஒரே ஒரு பொருத்தம்தான்... அதையாவது பார்க்கக்கூடாதா?