வெள்ளைக்கல்லும் செவ்வாய் கிரகமும்



நாமக்கல் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு பெருமை உண்டு. சந்திரயான்-2 சோதனைகளுக்காக, சித்தம்பூண்டி, குன்னமலை பாறைகளைப் பொடித்துத்தான் நிலவு மண் மாதிரியை இஸ்ரோ தயாரித்தது. "உங்க சேலத்துல என்ன இருக்கு?" என்று ஹாஸ்டலில் கேலி பண்ணுவார்கள். இருக்கிறது நண்பர்களே! உங்கள் கல்லுக்கு நிலா சொந்தம் என்றால், எங்கள் கல்லுக்குச் செவ்வாய் சொந்தம்.

சேலத்துக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். சாக் ஹில்ஸ் என்று பெயர். ஆனால் அது சாக் அல்ல, மேக்னசைட். நம் ஊர்ப் பேச்சில் வெள்ளைக்கல். இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கும் செங்கல் இதைச் சுட்டுத்தான் செய்யப்படுகிறது.

எங்கப்பா கல் சுடும் சூளையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம் ஒருநாள் கேட்டார்: "ஏன் கண்ணு, நூறு கிலோ கல்லப் போட்டா அம்பது கிலோகூடத் தேற மாட்டேங்குது. மீதி எங்க போவுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்ஸிஜன் மூன்று அணுக்கள் 48. மொத்தம் 84. இதில் கரியமில வாயு மட்டும் 44. அதாவது சுத்தமான கல் நூறு கிலோவில் சுமார் 52 கிலோ வாயு! சுட்டால் அது புகைபோக்கி வழியே போய்விடுகிறது.

சரி, அந்த வாயு கல்லுக்குள் எப்படிப் போனது? ஆதியில் அங்கே இருந்தது டியூனைட் என்ற கரும்பச்சைப் பாறை. அதில் முக்கால்வாசிக்கு மேல் ஆலிவின் என்னும் மெக்னீசியம் சிலிகேட். கரியமில வாயு கரைந்த தண்ணீர், அதாவது நம்ம சோடா மாதிரி லேசான அமிலம், பாறையின் வெடிப்புகளில் இறங்கியது. ஆலிவினிலிருந்து மெக்னீசியத்தைக் கரைத்து எடுத்தது. அந்த மெக்னீசியம் வாயுவோடு சேர்ந்து வெள்ளை நரம்புகளாக வெடிப்புகளிலேயே படிந்தது. மிஞ்சியது சிலிக்கா. பாறைக்கும் காற்றுக்கும் கல்யாணம் செய்துவைத்த தரகர் தண்ணீர்தான்!

இனி செவ்வாய்க்குப் போவோம். அங்கே இன்று காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு ஓட வழியில்லை. ஆனால் ஆறு ஓடிய தடங்கள் இருக்கின்றன! அப்படியானால் முன்பு காற்று அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும். அது எங்கே போனது? எங்கப்பா கேட்ட அதே கேள்வி, தலைகீழாக!

ஒரு பங்கு விண்வெளிக்குத் தப்பிவிட்டது. 2014 முதல் செவ்வாயைச் சுற்றிய மேவன் விண்கலம் இதை அளந்து காட்டியது. இன்னொரு பங்கு கல்லுக்குள் போனது. நீலி ஃபோசே என்ற பகுதியில் ஆலிவின் பாறைகளோடு மெக்னீசியம் கார்பனேட் இருப்பதை, மேலே சுற்றும் விண்கலத்தின் கருவி கண்டது 2008-ல் வெளியானது. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் வண்டி, 45 கிலோமீட்டர் அகலமுள்ள ஜெசரோ பள்ளத்தில் இறங்கியது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஏரி. அங்கும் ஆலிவின் பாறை, அதில் தண்ணீர் பட்டு உண்டான கார்பனேட்! 2025-ல் கியூரியாசிட்டி வண்டி, கேல் பள்ளத்தில் இரும்புக் கார்பனேட் இருப்பதையும் காட்டியது.

செவ்வாயில் நம் ஊர் மாதிரி வெள்ளை மேடுகள் இல்லை. கார்பனேட் பாறையோடு கலந்து கிடக்கிறது. ஆனால் வேதியியல் ஒன்றுதான். தண்ணீர் வற்றிப் போனாலும், தான் வந்து போனதைக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ இத்தன வருசமா நான் பாதி காத்தையா சொமந்தேன்?" என்று சிரித்தார்.

நண்பர்களே, நம் வீடுகளில் இப்படி எத்தனை கேள்விகள் பதில் இல்லாமல் கிடக்கின்றனவோ! இந்த விடுமுறையில் ஒன்றைக் கேட்டு வாருங்கள். லேபில் பார்த்துக்கொள்வோம்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்