மீனும் பிழைக்கணும்... கீரையும் பிழைக்கணும்!



கத்தரிச் செடியில் பூச்சி விழுந்துவிட்டால் நம் வாடிப்பட்டிப் பக்கம் முதலில் என்ன செய்வோம்? நேராக மருந்துக்கடைக்குப் போவோம். "அண்ணே, கத்தரிக்குப் பூச்சி விழுந்திருச்சு, நல்ல மருந்தாக் குடுங்க" என்போம். விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்தவர்கள் நாம்! சரி, அந்தக் கத்தரிச் செடி மண்ணில் நிற்காமல், மீன் வளரும் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால்? அப்போது பூச்சி வந்தால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"மெக்கானிக்கல் படிக்கிற ஆளுக்குப் பூச்சியோட என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். பம்பு, குழாய், வால்வு எல்லாம் நம் பாடம்தானே! அந்தக் குழாய் எதைச் சுமந்துகொண்டு ஓடுகிறது என்று தெரியாமல் பம்பு மட்டும் மாட்டி என்ன பயன்?

அக்வாபோனிக்ஸ் என்றால் என்ன?

மீன் தொட்டித் தண்ணீரைப் பம்பு மேலே ஏற்றுகிறது. ஜல்லி நிரப்பிய பாத்தியில் அது பாய்ந்து, வடிந்து, திரும்பவும் தொட்டிக்கே வருகிறது. மீனின் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது மீனுக்கே விஷம். ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் செடிக்கு உரம். செடி அதை உறிஞ்சிக்கொள்ள, சுத்தமான தண்ணீர் மீனுக்குப் போகிறது. மண் கிடையாது, யூரியா கிடையாது, தண்ணீரும் வீணாவதில்லை.

500 லிட்டர் தொட்டி, நெடுக்காக அறுத்த ஒரு நீல பேரல், சின்னப் பம்பு, கொஞ்சம் கெண்டைக் குஞ்சு இருந்தால் வீட்டுக் கொல்லையிலேயே ஆரம்பிக்கலாம். கீரை, தக்காளி, வெண்டை எல்லாம் வரும். ஆனால் பூச்சிக்கு மண் தோட்டம், தண்ணீர்த் தோட்டம் என்ற வித்தியாசம் தெரியாது. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, பச்சைப் புழு எல்லாம் அழைக்காமலே வரும். இங்கே பூச்சிக்கொல்லி அடித்தால் இலையில் பட்டது சொட்டி, ஜல்லி வழியாக வடிந்து, தொட்டிக்குள் இறங்கிவிடும். மண்ணில் அடித்தால் ஒரு செடியோடு போகும். இங்கே மீன், பாக்டீரியா, செடி மூன்றும் ஒரே குழாயில் கட்டப்பட்டவை. ஒன்று போனால் மூன்றும் போச்சு!

'இயற்கை' என்றால் ஆபத்து இல்லையா?

"அப்படீன்னா ரசாயனம் வேண்டாம், இயற்கை மருந்து அடிச்சாப் போதும்" என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

இலுப்பைப் புண்ணாக்கு தெரியுமா? சுத்தமான இயற்கைப் பொருள். ஆனால் மீன் வளர்க்கிறவர்கள் குஞ்சு விடுவதற்கு முன்னால், குளத்தில் இருக்கும் வேண்டாத மீன்களைக் கொல்லவே அதைப் போடுகிறார்கள்! ஒரு மீட்டர் ஆழக் குளத்தில் ஹெக்டேருக்கு 2500 கிலோ என்பது கணக்கு. அதாவது ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராம். நம் 500 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் வெறும் 125 கிராம். அவ்வளவுதான், தொட்டி காலி! அதில் உள்ள சபோனின் என்ற நுரைப் பொருள்தான் காரணம். பூந்திக்கொட்டையிலும் சபோனின் உண்டு. சோப்புக் கரைசலும் மீனின் செவுளைத்தான் தாக்கும்.

புகையிலைக் கஷாயத்தில் இருக்கும் நிக்கோட்டின் மீனுக்கு ஆகாது. ஒரு வகைச் செவ்வந்திப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம், டெரிஸ் செடியின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் இரண்டும் தாவர மருந்துகள்தான். இரண்டுமே மீனுக்கு எமன். மயில்துத்தத்தில் உள்ள தாமிரமும் அப்படியே. பஞ்சகவ்யம் மண்ணுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் தொட்டியில் கலந்தால், அம்மோனியா ஏறும், தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். வேப்பெண்ணெயும் அளவு மீறினால் மீனைப் பாதிக்கும்.

ஆகவே நண்பர்களே, "இது இயற்கையா, ரசாயனமா?" என்பது இங்கே முதல் கேள்வி இல்லை. "இது தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி.

பப்பாளி சொல்லும் பாடம்

தெளிக்காமல் பூச்சியை அடக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேல் இருந்த மெழுகுப் பூச்சைத் தாண்டி அது சரியாக உள்ளே போகவில்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. அதில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி கடுகைவிடச் சிறியது. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்தக் குளவியைப் பெருக்கி வயல்களில் விட்டது. ஓரிரு ஆண்டுகளில் மாவுப்பூச்சி அடங்கியது. லிட்டர் லிட்டராக மருந்து செய்யாததைக் கடுகுக் குளவி செய்தது!

நம் கொல்லையிலும் இப்படிப்பட்ட காவல்காரர்கள் உண்டு. நாம் மருந்தடித்தால் முதலில் சாவது அவர்கள்தான்.

செய்ய வேண்டியது என்ன?

1. தடுப்பு: பாத்தியைச் சுற்றி 40 மெஷ் நைலான் வலை கட்டினால் வெள்ளை ஈ பெரும்பாலும் உள்ளே வராது. வெண்டையில் மஞ்சள் தேமல் நோயைப் பரப்புவது இந்த ஈதான்.

2. மஞ்சள் பொறி: பழைய தகர டப்பாவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளை ஈயும் இறக்கை முளைத்த அசுவினியும் தானாக வந்து ஒட்டும். வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். எண்ணெய் பாத்தியில் சொட்டக்கூடாது.

3. தண்ணீர் பீச்சுதல்: அசுவினி இருப்பது இலையின் அடிப்பக்கம். தொட்டித் தண்ணீரையே எடுத்துக் கீழிருந்து வேகமாகப் பீச்சினால் உதிர்ந்துவிடும். தொட்டியில் விழுந்தால் மீனுக்குத் தீனி!

4. கை வேலை: காலையில் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் குவியல் இருந்தால் இலையோடு கிள்ளி எறியுங்கள். முடி இல்லாத பச்சைப் புழுவை மீனுக்கே போடலாம். தக்காளிக்குப் பக்கத்தில் தொட்டிச் செடியாகச் செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையிடும்.

5. எறும்பை நிறுத்துங்கள்: அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். பாத்தி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு ஏறாது.

6. நண்பனைக் கொல்லாதீர்கள்: பொறிவண்டின் புழு, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி இருக்கும். அதைப் பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்கள் நிறைய. அசுவினியை அதிகம் தின்பது அதுதான்.

7. புழு மிஞ்சிவிட்டால் பி.டி.: இது ஒரு பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் செத்த பட்டுப்புழுவிலிருந்து இஷிவாட்டா கண்டுபிடித்தார். இலையோடு சேர்த்துத் தின்ற புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் இது வேலை செய்யும். மீனைத் தாக்காது. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஜேம்ஸ் ராக்கோசி நடத்திய அக்வாபோனிக்ஸ் பண்ணையிலும் புழுவுக்கு இதைத்தான் அடித்தார்கள். வெயிலில் வீரியம் போய்விடும். அதனால் பொழுது சாய்ந்தபின், டப்பாவில் போட்ட அளவுப்படி தெளியுங்கள். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்.

8. கடைசியில் வேம்பு: 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் 5 சதவீதக் கரைசல். மண் தோட்டமாக இருந்தால் தெளிக்கலாம். நம் தொட்டிக்குத் தெளிப்பான் வேண்டாம். துணியை நனைத்து, பிழிந்து, பூச்சி உள்ள இலையை மட்டும் துடைத்தால் போதும். சொட்டு விழாமல் கீழே ஒரு தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இது யாருடைய பிரச்சினை?

என் அப்பா கூலிக்கு மருந்தடிக்கப் போனவர். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் டேங்கைத் தூக்கிக்கொண்டு போவார். ராத்திரி கண் எரிச்சலில் தூக்கம் வராது. அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பாலிடெக்னிக் வந்தேன். டப்பாவில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படிக்க அன்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிருக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. அந்தச் செய்தி எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? படித்த நாம்தானே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்!

மீன் தொட்டி ஒரு நல்ல வாத்தியார். மண்ணில் விஷம் ஊற்றினால் அது எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியாது. தொட்டியில் ஊற்றினால் மறுநாள் காலையில் மிதக்கும். உண்மையில் கிணறும் கண்மாயும் வைகையும்கூட நாம் எல்லோரும் குடியிருக்கிற ஒரு பெரிய தொட்டிதான். குழாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். தொட்டியில் போடுவதை யோசித்துப் போடு என்போம் நாம். ஒரு பேரல், ஒரு பம்பு... அடுத்த லீவிலேயே ஆரம்பிப்போமா நண்பர்களே?