மலைக்குப் போகுமுன் கிராமத்தில் தீர்மானிக்க வேண்டியவை

அறுவடை முடிந்து, நெல்லும் விலைப்பட்டு, கையில் சிறிது பணமும் ஓய்வும் கிடைக்கும் நாட்களில் இளைஞர் கழகங்களும் மாதர் சங்கங்களும் கமக்காரர் குழுக்களும் மலைநாட்டுக்குப் பயணம் போக விரும்புகின்றன. பெரும்பாலும் பஸ் ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டால் திட்டமிடல் முடிந்ததென எண்ணிவிடுகிறோம். பூந்தோட்டமும் நீர்வீழ்ச்சியும் பார்த்துத் திரும்பும் பயணத்துக்கு அது போதும். மலையில் ஏறி, ஓர் இரவு கூடாரத்தில் தங்கி வரும் பயணத்துக்கு அது போதாது.

கூடாரம் என்பது எம்மில் பலருக்கு இனிய சொல் அல்ல. தறப்பாளின் கீழ் மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்கள் நாம். எங்கே படுப்பது, எப்போது புறப்படுவது, எதைத் தூக்குவது, எதை விட்டுச் செல்வது என்பவற்றை அந்நாட்களில் நாம் தீர்மானிக்கவில்லை. வேறு யாரோ தீர்மானித்தார்கள். இந்தப் பயணத்தில் அவை யாவற்றையும் நாமே, எல்லோரும் கூடியிருந்து, புறப்படுமுன்னரே தீர்மானிக்கிறோம். விருப்பத்துடன் போடும் கூடாரத்துக்கும் வேறு வழியின்றிப் போட்ட கூடாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆகவே, பழைய நினைவுகள் காரணமாக வர மனமில்லாத மூத்தோரை வற்புறுத்தலாகாது. "நான் வரவில்லை" என்பதும் ஒரு தீர்மானந்தான்.

எந்த மலை?

சிவனொளிபாதமலை (2,243 மீற்றர்) பலருக்கும் தெரிந்தது. மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வைகாசிப் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்தில் வழியெங்கும் படிகளும் விளக்குகளும் தேநீர்க் கடைகளும் உண்டு. அது யாத்திரை, கூடாரம் அடிக்கும் இடமல்ல.

ஏறவும் தங்கவும் விரும்பும் குழுவுக்கு நாம் உதாரணமாக எடுப்பது ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலுள்ள இப்புல்வெளி 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்த (2,388 மீற்றர்) இதற்குள் இருக்கிறது. பூங்காவுக்குள் கூடாரமடிக்க ஒதுக்கப்பட்ட இடங்களும் உண்டு. அவற்றை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். கேட்ட இடத்தில் எல்லாம் கூடாரம் போட முடியாது.

கமக்காரராகிய எமக்கு இவ்விடத்தைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் ஓடைகள் இங்கே ஊறுகின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. மூதூர்ப் பக்கத்து வயலுக்குப் பாயும் நீரின் ஒரு பங்கு இந்தப் புல்லின் வேர்களிலிருந்து கசிந்து வருவதே.

எப்போது போவது?

தென்மேல் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தை வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடிமழை. சனவரி முதல் மார்ச் வரை ஓரளவு வறண்ட காலம். எமது காலபோக அறுவடை முடிந்து சிறுபோக விதைப்புத் தொடங்குமுன் வரும் மார்ச் மாத நடுப்பகுதி இருபக்கமும் பொருந்துகிறது. ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா நிறைந்துவிடும், வாடகையும் கூடும்.

காலம் நல்லதென்றாலும் புறப்படும் வாரத்தில் பாதையை விசாரிக்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. மழை தொடர்ந்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம் என்ற தீர்மானத்தையும் முதற் கூட்டத்திலேயே எடுத்துவைப்பது நல்லது. பஸ்ஸுக்கு முற்பணம் கொடுத்தபின் அதைச் சொல்வது கடினம்.

யார் யார், எந்த வேலைக்கு?

இருபது பேருக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. எல்லோரும் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. முழங்கால் நோவுள்ளவர், கால் இழந்தவர், தொய்வு அல்லது இருதய நோயுள்ளவர், சிறு குழந்தைகளின் தாய்மார் முகாமில் நிற்கலாம். அவர்கள் விடுபட்டவர்கள் அல்லர். கூடாரம் போடுவதும், சமைப்பதும், திரும்புவோரை நேரம் பார்த்துக் காத்திருப்பதும் அவர்களது பொறுப்பு. நேரத்துக்கு வராவிட்டால் பூங்கா அலுவலருக்கு அறிவிக்க வேண்டியவர்களும் அவர்களே.

ஏறுவோரில் மூவருக்குப் பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். முன்னே செல்பவர் வேகத்தைக் கட்டுப்படுத்துவார்; அவரை யாரும் முந்தலாகாது. கடைசி ஆள் எவரையும் தனக்குப் பின்னால் விடார். மூன்றாமவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவார். முன்னே செல்பவர் கடைசி ஆளின் குரல் கேட்கும் தூரத்திலேயே நடக்க வேண்டும். குழுவின் வேகம் என்பது மிக மெதுவாக நடப்பவரின் வேகமே.

நேரக் கணக்கு

பார்வையாளர் நிலையத்திலிருந்து கிரிகல்பொத்த உச்சி ஏறக்குறைய 7 கிலோமீற்றர். போக வர 14. மலையேறுவோர் பயன்படுத்தும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் 1892இல் சொன்னது. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி. 600 மீற்றர் உயரத்துக்கு மேலும் ஒரு மணி. இதன்படி இரண்டு மணிக்குள் உச்சியை அடையலாம். ஆனால் அது திடகாத்திரமான ஒருவர் நல்ல பாதையில் நடக்கும் கணக்கு. இங்கே சேறு, பற்றை, இறுதியில் செங்குத்தான காடு. இருபது பேர் தண்ணீர் குடிக்கவும் மூச்சு வாங்கவும் நிற்பார்கள். ஆகவே இருமடங்காக்கி நான்கு மணித்தியாலம் வைப்போம்.

வெள்ளி மாலைக்குள் நுவரெலியாவை அடைந்து ஒரு மண்டபத்தில் தூங்குவது நல்லது. இரவிரவாக ஓடிவந்த சாரதியை விடியற்காலை மலைப்பாதையில் ஓட்டச் சொல்லலாகாது. சனி காலை பூங்காவுக்குச் சென்று 7.30க்கு நடக்கத் தொடங்கினால், 11.30 திரும்பும் நேரம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், "இன்னும் பத்து நிமிடந்தான்" என்று எவர் சொன்னாலும், 11.30க்கு எல்லோரும் திரும்ப வேண்டும். பிற்பகல் 3.30க்கு முகாம். எமது நாட்டில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருள் மூடிவிடும். மிச்சமிருக்கும் மூன்று மணித்தியாலம் ஒருவர் கால் சுளுக்கினால் தேவைப்படும் நேரம்.

இந்தத் திரும்பும் நேரத்தைக் கிராமத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் எழுதிவைக்க வேண்டும். களைப்பும் ஆசையும் கூடியிருக்கும் மலையில் அதைப் பேசித் தீர்க்க முடியாது. இப்பாதை உலக முடிவுப் பாதை போலத் தெளிவானதுமல்ல. திணைக்கள வழிகாட்டி ஒருவருடனேயே ஏற வேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோருமாக உலக முடிவுக்கு நடக்கலாம். சுற்றிவர ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஒன்பது, பத்து மணிக்குப் பின் மூடுபனி மறைத்துவிடும். அங்கே பள்ளம் ஏறக்குறைய 870 மீற்றர். பிள்ளைகளின் கையை விடலாகாது. நடக்க இயலாதவருடன் ஒருவர் முகாமில் நிற்கட்டும். பதினொரு மணிக்குப் புறப்பட்டால் இரவு வீடு சேரலாம்.

குளிர்

உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பம் ஆறு அல்லது ஏழு பாகை குறைகிறது. வவுனியாவில் இரவு 23 பாகை என்றால் சமவெளியில் ஏறக்குறைய 10 பாகை. வானம் தெளிந்த சனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனியே படியும்.

பருத்தி உடுப்பு நனைந்தால் சூட்டை வைத்திருக்காது. நனைந்த சாறத்துடனோ சேலையுடனோ நிற்பது ஆபத்து. ஒவ்வொருவருக்கும் கம்பளிச் சுவெற்றர், தொப்பி, காலுறை இரண்டு சோடி, மழை அங்கி, பழகிய சப்பாத்து வேண்டும். இரவு உடுப்பு ஒன்றைத் தனியே கட்டி நனையாமல் வைக்க வேண்டும். குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. நிலமே உடற்சூட்டை உறிஞ்சும். போர்வை இரண்டிருந்தால் ஒன்றைக் கீழே விரியுங்கள். சாக்கும் பாயும் அதன் கீழ் இருக்கட்டும்.

ஒருவர் நடுங்கி, பின் பேச்சுக் குழறி, கால் தடுமாறினால் அது வெறுங் களைப்பல்ல, உடற்சூடு குறைகிறது. ஈர உடையை மாற்றி, போர்வையால் மூடி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்புத் தேநீர் கொடுக்க வேண்டும். சாராயம் சூடேற்றுவது போலத் தோன்றினும் உடற்சூட்டை வெளியே விடுகிறது. அதைக் கொண்டுபோவதே கூடாது.

உணவு

சமவெளியில் நீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதிக்கிறது. சோறும் பருப்பும் வேக நேரம் கூடும். விறகோ எண்ணெயோ அதற்கேற்பச் செலவாகும். குத்தரிசியையும் கடலையையும் விட, பச்சையரிசியும் மைசூர்ப் பருப்பும் ஏற்றவை. ஏறும்போது தின்ன அவல், பொரிவிளாங்காய், பேரீச்சம்பழம், வாட்டிய இலையில் கட்டிய புளிச்சோறு. ஆளுக்கு இரண்டு லீற்றர் நீர்.

எந்த அடுப்பை எங்கே பயன்படுத்தலாம் என்பதை இடம் பதியும்போதே கேளுங்கள். காய்ந்த புல்வெளியில் ஒரு தணல் போதும். பொலித்தீனைப் பூங்காவுக்குள் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். மரைகள் அதைத் தின்று சாகின்றன. ஆகவே வீட்டிலிருந்தே வாழையிலையிலும் துணிப்பையிலும் கட்டுங்கள். மரைகளுக்கு உணவு கொடுக்கவும் வேண்டாம்.

கூடாரம்

இவ்விடயத்தில் எமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியது குறைவு. கயிற்றை எப்படி இறுக்குவது, காற்று எப்பக்கம் அடிக்கும் என்பதெல்லாம் தெரியும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முகாம்களில் மழைநீர் உள்ளே வராமல் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினோம். இங்கே மண்ணை வெட்டக் கூடாது; அப்புற்றரை மீண்டும் வளரப் பல காலம் எடுக்கும். ஒதுக்கிய இடத்துக்குள் சற்று மேடான பகுதியைப் பாருங்கள். பெண்களின் கூடாரங்கள் மலசலகூடத்துக்கு அருகே இருக்கட்டும். இரவில் தனியே எவரும் வெளியே போகலாகாது. சிறுத்தைகள் வாழும் காடு அது. ரோச் லைற்றுடன் இருவராகச் செல்லுங்கள்.

வழி தவறினால்

தவறியவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் உலகப் பொது அடையாளம். கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. வேலை செய்தால் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். இடி கேட்டால் உச்சியிலிருந்து உடனே இறங்குங்கள்.

பணம்

பஸ் வாடகை, நுழைவுக் கட்டணம், முகாமிடக் கட்டணம், வழிகாட்டி, உணவு, அவசரத் தொகை என ஆறு வரிகளில் செலவை எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மூன்று மாதம் முன்பே கிழமைக்குச் சிறுதொகையாகச் சேர்த்தால் கடன்படத் தேவையில்லை. கொடுக்க இயலாத குடும்பம் அரிசியோ தேங்காயோ உழைப்போ தரலாம். விதைநெல்லுக்கும் பசளைக்கும் வைத்த பணத்தில் கைவைக்க வேண்டிய நிலை எனில், பயணம் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கட்டும்.

உங்கள் குழுவில் கலந்துரையாட

1. எமது குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யார்? அவரிடம் கேட்டோமா?
2. திரும்பும் நேரம் எது? அதை அறிவிப்பவர் யார்? எல்லோரும் அவருக்குக் கீழ்ப்படிய உடன்பட்டோமா?
3. முகாமில் நிற்போர் தமது விருப்பத்துடன் நிற்கிறார்களா?
4. கிராமத்தில் இருந்துகொண்டு எமது வருகையை எதிர்பார்ப்பவர் யார்? அவரிடம் பெயர்ப் பட்டியலும் நேர அட்டவணையும் உண்டா?

இந்நான்குக்கும் விடை கிடைத்தபின் பஸ்ஸைப் பேசுங்கள்.